கல்லூரிக் கனவும் ஆர்.டி.ஓ. மேசையும்
பழங்குடி மாணவரைத் ‘தயார்ப்படுத்துதல்’ என்னும் சொல்லாடல் குறித்து

‘கல்லூரிக் கனவு’ என்ற பெயரில் 2022 ஜூனில் தமிழக அரசு ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் கூட்டி, என்ன படிக்கலாம், எங்கே சேரலாம், வங்கிக் கடன் எப்படி வாங்கலாம் என்று சொல்லித் தருவது அது. அடுத்த ஆண்டு ‘உயர்வுக்குப் படி’ வந்தது. பள்ளியோடு நின்றுபோன பிள்ளைகளைத் தேடிப் பிடித்து மேலே சேர்ப்பதற்காக. இரண்டையும் குறை சொல்வது நம் நோக்கமல்ல. பெண் பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டத்தையும் நாம் கேலி செய்யப் போவதில்லை. ஆயிரம் ரூபாயின் அருமை தெரியாதவர்கள்தான் அதைக் கேலி செய்வார்கள். ஆனால் இந்தப் பெயர்களைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம். கனவு காண வேண்டியவர் மாணவர். படி ஏற வேண்டியவரும் மாணவர். கல்லூரி மட்டும் மேலே, மலைக்கோட்டை மாதிரி, அசையாமல் நிற்கிறது.

‘தயார்ப்படுத்துதல்’ என்பது பிறவினை. யாரையோ யாரோ தயார்ப்படுத்துகிறார்கள். அந்த ‘யாரோ’ அரசாகவோ, தொண்டு நிறுவனமாகவோ, நம்மைப் போன்ற இயக்கத்துக்காரர்களாகவோ இருக்கலாம். செயப்படுபொருள் மட்டும் மாறுவதே இல்லை. மாணவருக்குத் தன்னம்பிக்கை இல்லை, ஆங்கிலம் வரவில்லை, பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை என்று இல்லைகளின் பட்டியலாகவே பழங்குடிப் பிள்ளை நம் அறிக்கைகளில் எழுதப்படுகிறது. கல்லூரியைத் தயார்ப்படுத்துவது, வருவாய்த் துறையைத் தயார்ப்படுத்துவது என்று ஒரு வாக்கியத்தை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

திண்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். மேற்கே பழனிமலைத் தொடரின் கீழ்மலைப் பகுதிகள்: தாண்டிக்குடி, பெரும்பாறை, பாச்சலூர், கே.சி. பட்டி. நகரத்துக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் சிறுமலை. இங்கெல்லாம் பளியர் வாழ்கிறார்கள். கீழே சமவெளியில் காட்டுநாயக்கர் குடும்பங்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் ஏறத்தாழ 21.6 லட்சம் மக்களில் பழங்குடியினர் பத்தாயிரத்தைக்கூட எட்டவில்லை, அதாவது அரை விழுக்காடுகூட இல்லை. தமிழகம் முழுவதற்கும் 7.94 லட்சம் பேர். மாநிலத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடாக இருந்தபோது பழங்குடியினருடையது 54.3. இந்த எண்களிலிருந்து ‘தயாரிப்பு’ பேசுகிறவர்கள் பெறுகிற முடிவு, ‘பாவம், இன்னும் வளரவில்லை’ என்பது. எங்கே தடுக்கப்பட்டார்கள் என்று கேட்டால்தான் கதை வேறு மாதிரிப் போகிறது.

நுழைவுத் தேர்வு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது நீட். 2017இலிருந்து அதற்கெதிராகப் பேசுகிறோம், எழுதுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் பழங்குடிப் பிள்ளைக்கு அது இரண்டாவது தேர்வு. முதல் தேர்வு நடக்கிற இடம் கோட்டாட்சியர் அலுவலகம். பாடத்திட்டம் கிடையாது, தேதி கிடையாது, தேர்வு முடிவு எப்போது வரும் என்பதும் கிடையாது. சாதிச் சான்றிதழ் என்று அதற்குப் பெயர்.

மற்ற சாதியாருக்கு இந்தச் சான்றிதழ் ஒரு சடங்கு. இ-சேவை மையத்தில் பதிவு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், முடிந்தது. பழங்குடிக்கு மட்டும் 1989 நவம்பரில் அந்த அதிகாரம் தாசில்தாரிடமிருந்து எடுக்கப்பட்டுக் கோட்டாட்சியருக்குப் போனது. அதற்கு முன் தாசில்தார் கொடுத்தவையும் சந்தேகத்துக்குரியவையாகின. 1994இல் மாதுரி பாட்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவான விசாரணை முறை ஒன்றை வகுத்தது: சரிபார்ப்புக் குழு, விழிப்புப் பிரிவு, மானுடவியல் கூறுகளைக் கொண்டு சோதித்தல் என்று. இதற்கெல்லாம் காரணம் இல்லாமலில்லை. பழங்குடிப் பெயரைத் திருடி வேலைக்குப் போன மேல்தட்டு ஆட்கள் உண்டு, அது நிஜமான மோசடி. ஆனால் மோசடி செய்தவன் வக்கீல் வைத்து, தடையாணை வாங்கி, ஓய்வு பெறும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடிகிறது. விசாரணையின் பாரம் முழுவதும் விழுவது உண்மையான பழங்குடியின் தலையில்.

விசாரணை எப்படி நடக்கும்? 1950க்கு முந்தைய ஆவணம் உண்டா, தாத்தா பெயரில் பத்திரம் உண்டா, அப்பாவின் பள்ளிச் சான்று உண்டா? நிலமே இல்லாதவரிடம் பத்திரத்தையும் பள்ளிக்கே போகாதவரிடம் மாற்றுச் சான்றிதழையும் கேட்கிறார்கள். இல்லையென்றால் அடுத்த கட்டம்: குலதெய்வம் எது, கல்யாணத்தில் என்ன செய்வீர்கள், சாவுக்கு என்ன செய்வீர்கள், உங்க பாஷையில ரெண்டு வார்த்தை பேசு பாப்போம். காட்டுநாயக்கர் என்று சொன்னால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “காட்டுநாயக்கர்னா காட்டுலதான இருக்கணும்? டவுன்ல என்ன பண்றீங்க?” காட்டை விட்டு யார் விரட்டினார்கள் என்பது விசாரணையின் வரம்புக்குள் வருவதில்லை. பெரும்பாலான சமூகங்களுக்கு இருந்த வட்டார வரம்பை 1976இன் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது; மேசைக்குப் பின்னால் இருக்கும் மனதிலிருந்து அது நீங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒன்றிய அரசின் ‘மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்’ பட்டியலில் தமிழகத்திலிருந்து இடம்பெறும் ஆறு சமூகங்களில் காட்டுநாயக்கரும் ஒன்று. டெல்லிக் கோப்பில் நலிவுற்றவர், திண்டுக்கல் மேசையில் சந்தேகத்துக்குரியவர்.

இந்தக் கேள்விகளுக்கு விடைத்தாள் எங்கேயிருந்து வருகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் அடுக்கினார். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்து, மூக்கையும் மண்டையையும் அளந்து திரிந்தவர். அதற்கு ஓராண்டு முன்னதாக ‘ஆந்த்ரோப்போஸ்’ இதழில் டாமன் என்ற சேசு சபைப் பாதிரியார் பழனிமலைப் பளியர் பற்றி எழுதினார். காலனிய அதிகாரம் தன் குடிகளை அடையாளம் காண எழுதிவைத்த வகை எழுத்து இது. நூறு வருடம் கழித்து, அன்று எழுதப்பட்டது போல் இன்றைக்கும் நீ இருக்கிறாயா என்று பதினேழு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறது சுதந்திர அரசு. தோல் உடை, கிழங்கு, குகை என்று எதிர்பார்த்திருக்கும் அதிகாரிக்கு முன்னால் சுடிதார் போட்ட, கையில் செல்போன் வைத்திருக்கிற பெண் வந்து நின்றால் அவள் ‘போலி’.

இங்கேதான் முரண் முற்றுகிறது. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளையிடம் சொன்னது என்ன? உன் வீட்டுப் பேச்சு பேச்சே இல்லை, உன் பழக்கம் பழக்கமில்லை, சுத்தமாக வா, சத்தமாகச் சொல், மாறு. பளியர் பேசுவது தமிழின் ஒரு கிளைமொழி என்பதால் தாய்மொழிக் கல்வி பற்றிய பேச்சில்கூட அவர்களுக்கு இடம் கிடையாது. தமிழ்தானே பேசுகிறார்கள் என்று விட்டுவிடலாம், வகுப்பில் ‘கொச்சை’ என்று திருத்தவும் செய்யலாம். அப்படி மாறி, தேறி, மதிப்பெண் பட்டியலோடு வந்து நிற்கும்போது, பள்ளிக்கூடம் எதை மறக்கச் சொன்னதோ அதைக் கோட்டாட்சியர் அலுவலகம் ஒப்பிக்கச் சொல்கிறது. மறந்திருந்தால் பழங்குடி இல்லை. மறக்காமலிருந்தால் ‘கல்லூரிக்குத் தயாரில்லை’. ஒரே அரசின் இரண்டு துறைகள் ஒரே உடலை இரண்டு பக்கமாக இழுக்கின்றன.

2023 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகாராஷ்டிரத்து ஆதிவாசித் தாக்கூர் வழக்கில், இந்தப் பழக்கவழக்கச் சோதனையை இறுதி உரைகல்லாகக் கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. இடம்பெயர்வாலும் காலத்தாலும் வழக்கங்கள் மாறும் என்ற சாதாரண உண்மையை நீதிமன்றம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. தீர்ப்பு டெல்லியிலிருந்து கோட்டாட்சியர் மேசைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பது வேறு விஷயம். அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2022 அக்டோபரில், மகனுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று ஒரு தகப்பன் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்துச் செத்தார். அதே வருடம் மதுரையை அடுத்த பரவை சத்தியமூர்த்தி நகரில் காட்டுநாயக்கர் பெற்றோர், சான்றிதழ் தராதவரை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்று நிறுத்திப் போராடினார்கள். ‘பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதுகிறவர்கள் இந்தப் போராட்டத்தை எந்தக் கட்டத்தில் நிரப்புவார்களோ தெரியவில்லை.

கீழ்மலைகளிலும் ஆனைமலைப் பக்கமும் இருக்கிற புலையர் கதை இன்னொரு விதம். 1976 வரை பழங்குடிப் பட்டியலில் இருந்ததாகவும் பின்னர் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றப்பட்டதாகவும் சொல்லி, மறுபடி சேர்க்கச் சொல்லி அவர்கள் கேட்கிறார்கள். பட்டியல் என்பது இயற்கையல்ல, எழுதுகோல் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

சரி, பளியருக்கு வருவோம். பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1962இல் இங்கே வந்து பளியரோடு தங்கினார். தர்ஸ்டன் வகையறா இல்லை, மூக்களக்கவில்லை. 1966இல் அவர் எழுதிய கட்டுரையின் மையக் கருத்து ‘சமச்சீர் மரியாதை’. ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்ப்பது, அதட்டுவது, கட்டளையிடுவது எல்லாம் பளியர் வாழ்வில் மரியாதைக் குறைவு. பிள்ளையை அடித்து வளர்ப்பதில்லை. சண்டை வந்தால் எதிர்த்து நிற்பதைவிட விலகிப் போய்விடுவது வழி. போட்டியே அங்கே ஒரு குற்றம் போலத்தான்.

இப்போது இந்த வீட்டிலிருந்து வருகிற பிள்ளையை நம் வகுப்பறையில் உட்கார வையுங்கள். முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க். கேள்வி கேட்டதும் முந்திக் கையைத் தூக்கு. பக்கத்திலிருப்பவனை விட நாலு மார்க் கூட வாங்கு. நீட் என்பது இதன் உச்சம்: லட்சக்கணக்கானவர்களை வரிசையில் நிறுத்தி, உனக்கு முன்னால் எத்தனை பேர் என்று சொல்வது. ஆசிரியர் அதட்டியதும் பிள்ளை எதிர்த்துப் பேசுவதில்லை, அழுவதுமில்லை. மறுநாள் வருவதில்லை, அவ்வளவுதான். வருகைப் பதிவேடு இதை ‘இடைநிற்றல்’ என்று எழுதும். அங்கே நடந்தது ஒரு மறுப்பு. அதற்குரிய கட்டம் பதிவேட்டில் இல்லை.

ஆனால் இந்த வாசிப்பை அதிகம் நீட்டினால் நாமும் ஆர்.டி.ஓ. ஆகிவிடுவோம். விலகிப்போவது பளியரின் பண்பாடு என்று மட்டும் சொல்லி முடித்தால், விலக்கிவைத்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். காப்பிப் பழம் எடுக்கிற காலம் அரையாண்டுத் தேர்வுக் காலத்தோடு வந்து மோதுகிறது. எஸ்டேட்டில் முன்பணம் வாங்கிய குடும்பத்தில் பிள்ளையின் கையும் ஒரு கை. பஸ் இல்லாத குடியிருப்பிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போவது என்றால் நடை. விடுதி என்றால் பூட்டு, மணி, வார்டன். இதில் பண்பாடு எத்தனை, வறுமை எத்தனை, அலட்சியம் எத்தனை என்று பிரித்துக்காட்ட யாராலும் முடியாது.

கார்ட்னரே 2000இல் வெளியிட்ட ஒரு நூலில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறார். பளியர் தனித்துக் கிடந்த ஆதி மனிதர்கள் அல்ல. காட்டில் தேனும் கிழங்கும் எடுக்கிற வாழ்க்கை ஒன்று, எல்லையோரத்தில் கூலி வேலை செய்து சமவெளிக்காரரோடு பேசிப் பழகுகிற வாழ்க்கை ஒன்று என்று இரண்டிலும் மாறி மாறிப் புழங்கும் இருபண்பாட்டுத் திறன் அவர்களுக்கு நெடுங்காலமாக உண்டு என்கிறார். இதை ‘தயாரிப்பு’க்காரர்கள் படித்திருக்க வேண்டும். இரண்டு உலகத்தில் வாழத் தெரிந்தவர் பளியர். ஒரே உலகம் மட்டும் தெரிந்தது நம் கல்லூரி. யாருக்கு யார் வகுப்பெடுக்க வேண்டும்?

அதே பழனிமலையில் 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. பாடத்திட்டம் அங்கே வந்தது. அத்தகைய பள்ளிகளில் கல்லூரி ஆலோசகர் என்று தனியே ஆள் வைத்து, விண்ணப்பக் கட்டுரை எழுதுவதிலிருந்து எல்லாவற்றுக்கும் கூடவே இருப்பார்கள். அதை யாரும் ‘பின்தங்கியோர்க்கான உதவி’ என்று சொல்வதில்லை. பியர் போர்தியுவும் பாஸ்ஸரோனும் 1964இல் ‘வாரிசுகள்’ என்று புத்தகம் எழுதினார்களே, அந்த வாரிசுகளுக்கு உதவி என்பது காற்று மாதிரி, கண்ணுக்குத் தெரியாது. பளியர் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாலும் போட்டோ எடுத்துப் பேப்பரில் போடுவார்கள்.

1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலுக்கு வந்தது. சிறுமலையின் அடிவாரத்தில் காந்திகிராமம் 1947இலிருந்து இருக்கிறது, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஆனது. திண்டுக்கல்லில் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. ஆக, கல்லூரி தூரத்தில் இல்லை. சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் வந்துவிடலாம். தூரம் வேறெங்கோ இருக்கிறது.

திட்டங்களின் கணக்கில் அந்தத் தூரம் தெரிகிறது. ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகள் யாருக்கு? 2018இல் வகுத்த விதிப்படி, மக்கள்தொகையில் பாதிக்கு மேல் பழங்குடியினரும் குறைந்தது இருபதாயிரம் பழங்குடியினரும் இருக்கிற ஒன்றியங்களுக்கு. ஒருங்கிணைந்த பழங்குடி மேம்பாட்டுத் திட்டங்களும் அப்படியே அடர்த்தியைப் பார்த்துத்தான் வந்தன. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, சவ்வாது என்று வடக்கே நிற்கின்றன. எங்கள் மாவட்டம் முழுக்கக் கூட்டினாலும் இருபதாயிரம் தேறாது. ‘சிதறி வாழ்வோர்’ என்று கோப்பில் ஒரு பெயர் இருக்கிறது. சிதறியவர்கள் என்றால் ஏதோ தாங்களாகவே சிதறிய மாதிரி. (ஏகலைவன் பெயரைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் கதையைப் பாதியோடு நிறுத்திவிட்டார் போல.)

உறைவிடப் பள்ளி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் போட்டு ‘நாகரிகத்துக்குத் தயார்’ செய்தார்கள். அதற்குப் பெயர் பண்பாட்டு இனப்படுகொலை என்று 2015இல் அவர்களுடைய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே எழுதியது. 94 பரிந்துரைகளையும் வைத்தது. அதற்குப் பிறகு அங்கே பல்கலைக்கழகங்களைப் பார்த்து, நீங்கள் என்ன மாறினீர்கள் என்று கேட்கிற பேச்சாவது உருவாகியிருக்கிறது. இங்கே அந்தக் கேள்விக்கே இன்னும் இலக்கணம் இல்லை.

நம் பக்கத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது, சொல்லாமல் விட முடியாது. ‘ஆதிவாசி எதற்குக் கல்லூரிக்குப் போக வேண்டும், இந்தக் கல்வியே அடிமைக் கல்விதானே’ என்று இவான் இலிச்சைக் காட்டிப் பேசுகிற தோழர்கள் உண்டு. பேசி முடித்துவிட்டுத் தன் பிள்ளைக்கு எஞ்சினியரிங் கவுன்சலிங் போவார்கள். பளியரின் போட்டியின்மை நமக்கு ஒரு அழகான மேற்கோள். பளியர் பெண்ணுக்கோ நர்சிங் படித்தால் மாதச் சம்பளம். கல்வியை மறுக்கும் உரிமை கல்வி கைக்கு எட்டியவருக்குத்தான் உண்டு. பச்சமலையிலிருந்து ஒரு மாணவி 2024இல் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தபோது பத்திரிகைகள் ‘சாதனை’ என்று கொண்டாடின. நல்ல செய்திதான். திருச்சியில் அந்தக் கல்லூரி தொடங்கியது 1964இல். அறுபது வருடம் கழித்து இது செய்தியாகிறது என்றால் அது யாருடைய சாதனை?

மே மாதக் கணக்கைப் பார்த்தால் இதெல்லாம் தெளிவாகும். மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வருகிறது. அதே சமயத்தில் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பமும். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் ஒரு விழுக்காட்டு இடஒதுக்கீடு இல்லை. பொதுப் பட்டியலில் போட்டி போடு. 2012இன் அரசாணை 92படி கிடைக்க வேண்டிய கட்டண விலக்கு இல்லை. கல்வி உதவித்தொகை இல்லை. விடுதியில் பழங்குடி இடம் இல்லை. 2025 ஜூலையில் எல்லா விடுதிகளுக்கும் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வைத்ததில் தப்பொன்றும் இல்லை, உள்ளே போகத்தான் சீட்டு வேண்டும். மனு கொடுத்து, ‘விசாரணையில் உள்ளது’ என்ற பதிலோடு வீட்டுக்குப் போகிற பெண்ணைத் தேடி வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையின் ஆள்பிடிக்கும் ஏஜெண்ட் வருவான். அவன் சான்றிதழ் கேட்பதில்லை. குலதெய்வம் எது என்றும் கேட்பதில்லை. மில் வேன் வாசலுக்கே வரும். உண்மையாகவே ‘தயாராக’ இருக்கிற நிறுவனம் இந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான்.

ஆகவே தன்னம்பிக்கைப் பயிற்சி முகாம் நடத்தப் போகிறவர்கள் அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். பளியருக்கும் காட்டுநாயக்கருக்கும் ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே சான்றிதழ் கொடுப்பதில் என்ன சிக்கல்? அண்ணனுக்குப் பளியர் என்று எழுதிக் கொடுத்த அலுவலகம் தங்கச்சியை முதலிலிருந்து விசாரிக்கிறது; அண்ணன் பளியர் என்றால் தங்கச்சி வேறென்ன? தகப்பன் வழிச் சான்றை ஏற்க மறுக்கிற ஒவ்வொரு உத்தரவையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ‘நாளைக்கு வா’ என்று வாயால் சொன்னதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. 2023 தீர்ப்பைத் தமிழில் நாலு பக்கமாகச் சுருக்கி மனுவோடு இணைக்கலாம். பட்டம் முடித்த பளியர், காட்டுநாயக்கர் இளைஞர்கள், சிலரே என்றாலும், இருக்கிறார்கள். விசாரணை நாளன்று அவர்கள் கூடப் போக வேண்டும், நாம் பின்னால் நிற்கலாம். கல்லூரிகளிடம் கேட்க வேண்டியது வேறு: சான்றிதழ் விசாரணையில் இருக்கும் மாணவருக்குத் தற்காலிகச் சேர்க்கை, கோடை விடுமுறையிலும் பூட்டாத விடுதி, முதல் ஆண்டில் இவர்களைத் தனியே கவனிக்க ஒரு ஆசிரியர்.

சிறுமலையிலும் கீழ்மலையிலும் டவுனிலும் இப்போது ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று பட்டியல் எடுப்பது ஒரு வாரத்து வேலை. மாவட்டத்துக்கே அது ஒரு நோட்டில் அடங்கிவிடும். அந்தப் பட்டியலோடு இந்த வருடமே மனு எழுதத் தொடங்கினால், பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்னால் கையில் மூன்று வருடத்துக்கும் மேல் இருக்கிறது.